ஆன்ட்டியின் தப்புகள்

"தப்பாயிடுச்சும்மா" என்பதுதான் அவர் என்னிடம் பேசிய முதல் வார்த்தை. பெயர் கேட்கவில்லை, எந்த ஊர் என்று கேட்கவில்லை. கதவைத் திறந்தால் எதிரே ஒரு எவர்சில்வர் தட்டு. அதில் ஓரம் லேசாகச் சிவந்த ஐந்து மோமோ, பக்கத்தில் சின்னக் கிண்ணத்தில் செக்கச்செவேலென்று சாஸ்.

"ஏர் ஃப்ரையர்ல பத்து வெச்சிட்டேன். எனக்கு அஞ்சுக்கு மேல ஆகாது. தப்பாயிடுச்சு. நீ கொஞ்சம் சரி பண்ணிக் குடு" என்றார்.

காக்ஸ் டவுனில் ஒரு பழைய வீட்டின் பின்பக்க மாடியில் எதிரெதிரே இரண்டு ஒற்றை அறை வீடுகள். ஒன்றில் அவர் பல வருடங்களாக இருந்தார். இன்னொன்றுக்கு நான் வந்து எட்டு நாள் ஆகியிருந்தது. அந்த எட்டு நாளில் அக்கம்பக்கத்தில் யாரிடமும் நான் பேசவில்லை. பேசக்கூடாது என்று முடிவெடுத்துத்தான் பெங்களூருக்கே வந்திருந்தேன்.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். திருப்பத்தூரில் புருஷன் வீட்டை விட்டு இரண்டு பையோடு அம்மா வீட்டுக்குத் திரும்பியவள் நான். அதில் எனக்கு வருத்தம் இருந்தது, வெட்கம் இல்லை. ஆனால் ஊர் முழுக்க என்னைப் பார்த்து 'பாவம்' என்றது. அத்தைகள் சொன்னார்கள், அம்மாவின் சிநேகிதிகள் சொன்னார்கள். ஒருநாள் மளிகைக்கடைக்காரர் நான் கேட்காமலே ஒரு எலுமிச்சம்பழத்தைக் கூடுதலாகப் பையில் போட்டு, தலையை ஒருமாதிரி சாய்த்து "வெச்சிக்கம்மா" என்றார். அதுவரைக்கும் பொறுத்த எனக்கு அந்த எலுமிச்சம்பழத்தைப் பொறுக்க முடியவில்லை. அடுத்த வாரமே பெங்களூரில் ஒரு பல் மருத்துவமனையில் வரவேற்பு மேசை வேலை தேடிக்கொண்டு ரயிலேறினேன்.

எனவே அந்த அம்மாள் தட்டை நீட்டி "சாப்பிடும்மா, தனியா இருக்கே" என்று மட்டும் சொல்லியிருந்தால் கதவைச் சாத்தியிருப்பேன். அவர் கொடுத்ததோ ஒரு வேலை. அவர் செய்த தப்பைச் சரிசெய்யும் வேலை. அதை எப்படி மறுப்பது? தட்டை வாங்கிக்கொண்டேன்.

அவரை நான் ஆன்ட்டி என்றுதான் கூப்பிட்டேன், கடைசிவரை. அந்தத் தெருவில் எல்லோருக்கும் அவர் ஆன்ட்டிதான். ஐம்பத்தைந்து வயது இருக்கும். குள்ளம். சித்திரை வெயிலிலும் மெரூன் ஸ்வெட்டர் போட்டிருப்பார். தெருமுனையில் இருந்த கோல்ட் ஸ்டோரேஜில் வேலை. சாஸேஜ், சலாமி, உறைய வைத்த மீன், பட்டாணி எல்லாம் விற்கிற கடையை அந்தப் பக்கத்தில் அப்படித்தான் சொல்வார்கள். நாள் முழுக்க ஐஸ்பெட்டிக்குள் கைவிட்டுக் கைவிட்டு அவர் விரல்கள் எப்போதும் சில்லென்று இருக்கும். பின்னாலிருந்து வந்து என் கழுத்தில் அந்த விரலை வைத்து என்னைத் துள்ள வைப்பதில் அவருக்குக் குழந்தைத்தனமான ஒரு சந்தோஷம்.

அவர் ஏன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்று நான் கேட்டதில்லை. என்னுடையது ஏன் முறிந்தது என்று அவர் கேட்டதில்லை. எங்கள் சிநேகம் கெடாமல் இருந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

மோமோ விஷயத்தில் அவருக்கு ஒரு முறை உண்டு. ஏர் ஃப்ரையரை துபாயில் இருக்கிற அண்ணன் மகள் கொடுத்துவிட்டுப் போயிருந்தாள். அதைச் சமையல் மேடையில் வைக்காமல் ஜன்னலோரம் ஒரு ஸ்டூலில், கீழே ஒரு பூப்போட்ட துணி விரித்து வைத்திருந்தார். பாக்கெட்டைப் பிரித்ததும் மோமோவை உருக விடக்கூடாது. "உருகிச்சின்னா ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும். அப்புறம் பிரிக்கச்சொல்லோ ரெண்டும் கிழியும்" என்பார். கல் மாதிரி இருக்கும்போதே ஒவ்வொன்றையும் வெந்நீரில் முக்கி எடுத்து, உள்ளங்கையில் எண்ணெய் தொட்டு முதுகில் தடவி, கூடையில் கோஸ் இலையை விரித்து, ஒன்றையொன்று தொடாமல் அடுக்குவார். தண்ணீரில் முக்காமல் போட்டால் மேல்மடிப்பு காய்ந்து அப்பளம் மாதிரி நொறுங்கிவிடும். எட்டு நிமிடம் ஆனதும் புரட்டிப் போட்டு இன்னும் நாலு நிமிடம்.

பெட்டி 'டிங்' என்றதும் அவர் செய்கிற காரியம்தான் முக்கியம். ஒரு மோமோவை எடுத்து இரண்டாகப் பிய்ப்பார். நடுவில் விரலை வைத்துப் பார்ப்பார். "வெளிய செவந்துடும்மா, அத நம்பாத. நடுவுல சில்லுனு இருந்தா கறி வேகலைன்னு அர்த்தம்." ஆவி வந்தால் சரி. பிய்த்தது எப்போதும் அவர் தட்டுக்குப் போகும். எனக்கு வருகிற ஐந்தும் முழுசாகவே இருக்கும்.

சாஸும் அவரே அரைப்பதுதான். பேடகி மிளகாயையும் தக்காளியையும் வேகவைத்து, பூண்டு, கொஞ்சம் எள், கொஞ்சம் வினிகர் போட்டு மிக்ஸியில் ஓட்டுவார். கடைசியில் ஒரு சிட்டிகை சர்க்கரை. அது பழைய ஜாம் பாட்டிலில் ஃப்ரிட்ஜில் இருக்கும். நிறம் மிரட்டும், காரம் அவ்வளவு இருக்காது. அவரைப் போலத்தான், ஆனால் தலைகீழாக. அவர் பார்க்கச் சாதுவாக இருப்பார், வேலை உள்ளே நடக்கும்.

அந்த வேலை என்னவென்று எனக்குப் புரிய நாலைந்து மாதம் ஆயிற்று. அதுவரைக்கும் அவரை ஒரு அசட்டு ஆன்ட்டி என்றுதான் நினைத்திருந்தேன். ஒவ்வொரு சனிக்கிழமை சாயங்காலமும் ஒரு தப்பு வரும். கடையில் பாக்கெட் கிழிந்துவிட்டது, விற்க முடியாது, தப்பாயிடுச்சு. ரெண்டு பிரெட்டுக்குப் பதிலா மூணு வாங்கிட்டேன், தப்பாயிடுச்சு. கீழ்வீட்டுக் கொடியில் காய்ந்த என் போர்வையைத் தன்னுடையது என்று எடுத்து, துவைத்து, மடித்துக் கொண்டுவந்தார். அதுவும் தப்பு. எனக்கு ஜுரம் வந்த வாரத்தில், தன் அண்ணனுக்கு என்று நினைத்துக் கஞ்சி வைத்துவிட்டதாகவும், அண்ணன் ஓசூரில் இருப்பது அப்புறம்தான் ஞாபகம் வந்ததாகவும் சொன்னார். இதையும் நான் நம்பினேன். நம்பினவளை என்ன சொல்வது?

குட்டு உடைந்தது அந்தக் கடையிலேயே. ஒருநாள் பட்டாணி வாங்கப் போயிருந்தேன். ஆன்ட்டிக்கு அன்று விடுமுறை. கல்லாவில் இருந்த பெண்ணிடம் பேச்சுவாக்கில், "உங்க கடையில வாரம் தவறாம மோமோ பாக்கெட் கிழிஞ்சிடுதே, எலியா?" என்று கேட்டேன்.

அவள் சிரித்தாள். "எலியும் இல்ல ஒண்ணும் இல்ல. ஆன்ட்டிதான். நல்ல பாக்கெட்டா பாத்துத்தான் வாங்குவாங்க. வாசப்படி தாண்டச்சொல்லோ மூலைல நகத்தால ஒரு கிழி கிழிப்பாங்க. ஏன் ஆன்ட்டின்னு கேட்டா, என் பாக்கெட்டு, நான் கிழிக்கிறேன், உனக்கு இன்னான்னு கேப்பாங்க."

நல்ல மனுஷி, நெகிழ்ந்துபோனேன் என்று எழுத ஆசைதான். ஆனால் எனக்கு வந்தது கோபம். மளிகைக்கடை எலுமிச்சம்பழம்தான் ஞாபகம் வந்தது. இவரும் 'பாவம்' என்றுதான் சொல்லியிருக்கிறார், கொஞ்சம் சுற்றி வளைத்து. அதைக்கூடப் புரிந்துகொள்ளாமல் மாதக்கணக்காகத் தின்று தீர்த்திருக்கிறேன். அடுத்த இரண்டு சனிக்கிழமையும் கதவைத் தட்டும் சத்தம் கேட்டது. நான் உள்ளேயே உட்கார்ந்திருந்தேன். விளக்கு எரிந்துகொண்டிருந்தது. நான் இருப்பது அவருக்குத் தெரியும் என்பதும் எனக்குத் தெரியும்.

மூன்றாவது சனிக்கிழமை தட்டவில்லை. வேலை முடிந்து நான் மாடியேறி வந்தபோது என் வாசலில், படிக்கட்டின் மேல்படியில் ஸ்வெட்டரோடு உட்கார்ந்திருந்தார்.

"சாவிய உள்ள வெச்சிக் கதவ இழுத்துட்டேன்மா. தப்பாயிடுச்சு. அண்ணன் ஓசூர்லருந்து வேற சாவி எடுத்தாறணும். ஒரு ரெண்டு அவர் உன் வீட்ல குந்திக்கிறேன்."

வேறு வழியில்லாமல் உள்ளே விட்டேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு டீ போட்டேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்து என் அறையைச் சுற்றிப் பார்த்தார். டீ தம்ளரை வாங்க அவர் முன்னால் குனிந்தபோது ஸ்வெட்டர் பைக்குள் ஏதோ கலகலத்தது. சாவிக்கொத்து.

அவர் தம்ளரைப் பார்த்தார். நான் பையைப் பார்த்தேன்.

"ஐயோ" என்றார் கடைசியில், கொஞ்சம்கூட வெட்கமில்லாமல். "இங்கதான் இருந்திச்சா!"

எனக்குச் சிரிப்பு பீறிட்டு வந்துவிட்டது. மூன்று வாரக் கோபம் அப்படியே போயிற்று. "ஆன்ட்டி, எனக்கு எல்லாம் தெரியும். கடையில அந்தப் பொண்ணு சொல்லிட்டா. நகத்தால கிழிக்கிறீங்களாமே?" என்றேன்.

"அவளுக்கு வாய் நீளம்" என்றார். பிறகு தம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார். "பேஜாரு பண்ணிக்காதம்மா. எனக்குத் தனியா சாப்பிட வராது. அத எப்படி வாய்விட்டுக் கேக்கறது? பாவம்னு நெனைப்பாங்க இல்ல?"

அந்த வார்த்தைக்குப் பயந்து ஊரைவிட்டு ஓடிவந்தவள் நான் மட்டும்தான் என்று அதுவரைக்கும் நினைத்திருந்தேன்.

அதற்கப்புறம் தப்பு எங்கள் இரண்டு பேருக்கும் ஒரு விளையாட்டாகிவிட்டது. கதவைத் திறந்ததும், "இன்னிக்கு என்ன தப்பு ஆன்ட்டி?" என்று கேட்பேன். அவரும் சளைக்காமல் கற்பனை செய்துகொண்டு வருவார். ஏர் ஃப்ரையருக்கு எண்ணத் தெரியாது, அதுவாக ஐந்தைப் பத்தாக்கிவிட்டது என்பார். மாதா கோயில் மணி அடித்த சத்தத்தில் கை தவறிவிட்டது என்பார். நல்ல தப்பு என்றால் கை தட்டுவேன். சுமாரான தப்பு என்றால், "போன வாரத்துத் தப்பு இதைவிட நல்லா இருந்தது" என்று தட்டைத் திருப்பிக் கொடுப்பது போல் நடிப்பேன். பிறகு அவர் அறையிலேயே ஸ்டூலுக்குப் பக்கத்தில் பாய் போட்டுச் சாப்பிடுவோம். ஒரு வருடத்துக்கு மேல் இப்படி ஓடியது. பெங்களூரில் என்னை யாரும் பாவம் என்று சொல்லவில்லை. நானும் உள்ளுக்குள் பாவமாக உணரவில்லை. என் வாழ்க்கையில் அது நல்ல காலம்.

மழைக்காலத்தில் ஒரு சாயங்காலம் அவர் தலையில் பட்டாணி பாக்கெட்டை வைத்துப் பிடித்துக்கொண்டு மாடியேறி வந்தார். பெரிய ஐஸ்பெட்டியின் மூடி உச்சந்தலையில் விழுந்துவிட்டதாம். "மூடிய நிமித்தி நிறுத்தாம குனிஞ்சிட்டேன். என் தப்புதான். பெட்டிக்குக் கூட என்னப் பிடிக்கல பாரு." ரத்தம் இல்லை, சின்ன வீக்கம்தான். "அந்தப் பட்டாணிய அப்புறம் கறி பண்ணுவீங்களா, கடையில திரும்ப வெச்சிடுவீங்களா?" என்று கேட்டேன். இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம். இரண்டு நாளில் வீக்கம் வடிந்துவிட்டது, நானும் மறந்துவிட்டேன்.

அதன் பிறகு வந்த தப்புகள் கொஞ்சம் வேறு மாதிரி இருந்தன. இதை இப்போது சொல்கிறேன். அப்போது எனக்கு அப்படித் தோன்றவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, மாதா கோயில் பூசைக்குப் போகவேண்டிய நேரத்தில், ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு கடைக்குப் போய்விட்டுத் திரும்பி வந்தார். ஷட்டர் ஏன் மூடியிருக்கிறது என்று கீழிருந்தபடி என்னைக் கேட்டார். நான் மாடியிலிருந்து, "ஆன்ட்டி, இது புதுசு! பிரமாதம்!" என்று கத்தினேன். இன்னொரு நாள் என் கதவைத் தட்டி, "என் வீடு இதுவா, அதுவா?" என்றார். சாவிக்கொத்து நாடகத்தின் இரண்டாம் பாகம் என்று நினைத்து, உள்ளே கூப்பிட்டு டீ கொடுத்தேன். சாஸ் கிண்ணம் அவர் இடது கையிலிருந்து நழுவி என் வாசலில் உடைந்தது. "கை வழுக்கிடுச்சு" என்றார். "கிண்ணத்தை உடைச்சா மார்க்கு ஜாஸ்தி" என்றேன்.

ஒவ்வொரு முறையும் அவர் முதலில் என் முகத்தைத்தான் பார்த்தார். நான் சிரித்த பிறகுதான் அவர் சிரித்தார். முன்பெல்லாம் இரண்டு பேரும் ஒன்றாகச் சிரிப்போம். இந்தச் சின்ன வித்தியாசம் எனக்குப் படவே இல்லை.

பிறகு அந்தச் சனிக்கிழமை. கதவைத் திறந்தால் தட்டில் ஐந்து மோமோ, வெள்ளை வெளேரென்று. கிண்ணத்தில் சிவப்பாக ஏதோ.

"தப்பாயிடுச்சும்மா" என்றார்.

ஒன்றை எடுத்துக் கிண்ணத்தில் தொட்டுக் கடித்தேன். நாக்கில் தித்திப்பு. மிக்ஸட் ஃப்ரூட் ஜாம். பல்லில் 'கடக்' என்று ஐஸ். நடுவில் கறி கல்லாக உறைந்திருந்தது. பல் கூசி என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஒரு நொடி திகைத்து, பிறகு கை தட்டினேன். ஒன்றரை வருடத்தில் இதுதான் உச்சம் என்று நினைத்தேன்.

"ஆன்ட்டி, பல் ஆஸ்பத்திரிக்காரி பல்லையே உடைக்கப் பாத்தீங்களே!"

அவர் சிரிக்கவில்லை. "இல்லம்மா. நிஜமா தப்பாயிடுச்சு. நிஜமா."

"நிஜமான்னு ரெண்டு தடவ சொன்னா நம்பிடுவேனா?"

தட்டையே பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். பிறகு நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார். நான் சிரித்துக்கொண்டிருந்தேன். அவரும் சிரித்தார். "நம்ப மாட்டே இல்ல?" என்று சொல்லிவிட்டுத் தன் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். நான் அந்த ஐந்தையும் தோசைக்கல்லில் போட்டு வேகவைத்து, விளையாட்டில் தோற்கக்கூடாது என்ற வீராப்பில், ஜாமைத் தொட்டே சாப்பிட்டேன்.

பிய்த்துப் பார்க்காமல் அவர் ஒரு மோமோவைக்கூட யாருக்கும் கொடுத்ததில்லை. விளையாட்டுக்குக்கூட வேகாத கறியை ஒருவர் தட்டில் வைக்கிற ஆள் இல்லை அவர். இது எனக்குத் தெரியும். தெரிந்தும் சிரித்தேன்.

எட்டு நாள் கழித்து, ஞாயிற்றுக்கிழமை காலை, தலைவலிக்கிற மாதிரி ஒரு நாற்றத்தில் விழித்தேன். எதிர்வீட்டு ஜன்னலிலிருந்து கறுப்பாகப் புகை. கதவு திறந்தே கிடந்தது. மோமோவைப் பாக்கெட்டிலிருந்து எடுத்து அடுக்காமல், பிளாஸ்டிக் தட்டோடு, கவரோடு ஏர் ஃப்ரையருக்குள் வைத்திருந்தார். எல்லாம் உருகிக் கூடையில் ஒட்டிக் கொப்பளித்துக்கொண்டிருந்தது. நான் பிளக்கைப் பிடுங்கி ஜன்னலையெல்லாம் திறந்தேன். அவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். இடது கை மடியில் துவண்டு கிடந்தது.

"நானா வெச்சேன்?" என்று கேட்டார்.

இந்த முறை நான் சிரிக்கவில்லை.

கீழ்வீட்டுக்காரர் ஆட்டோ கூட்டிவந்தார். ஆன்ட்டியின் தலையை என் தோளில் சாய்த்துப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். அவசரப் பிரிவில் இளவயது டாக்டர் ஒருவர் அவர் கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார். கையில் படிவம்.

"எத்தனை நாளா இப்படி?"

நான் தினமும் முப்பது பேரிடம் கேட்கிற கேள்வி அது. பல்வலி என்று வருகிறவர்களிடம் பெயர், வயது எழுதிக்கொண்டு, அடுத்த கட்டத்துக்கு வந்ததும் தலையைக்கூட நிமிர்த்தாமல் "எத்தனை நாளா?" என்பேன். சொல்லத் தெரியாமல் விழிக்கிறவர்கள்மேல் எனக்கு எரிச்சல்கூட வரும். தன் வாயில் இருக்கிற வலி தனக்குத் தெரியாதா என்று நினைப்பேன்.

"தெரியலை டாக்டர்."

"நீங்கதானே கூட இருக்கிறவங்க? பேச்சுல, நடவடிக்கையில மாற்றம் எதுவும் பாக்கலையா? மறதி, தப்புத்தப்பா ஏதாவது செய்யிறது..."

தப்புத்தப்பாக. நான் வாயைத் திறந்தேன். எங்கிருந்து ஆரம்பிப்பது? ஜாமிலிருந்தா, உடைந்த கிண்ணத்திலிருந்தா, ஞாயிற்றுக்கிழமைக் கடையிலிருந்தா? அதற்கும் முந்தைய தப்புகளில் எது அவர் செய்தது, எது அவருக்கு நேர்ந்தது? கதவுக்கு இந்தப் பக்கம் நின்று எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரி கை தட்டியிருக்கிறேன். பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. அந்த டாக்டர் முன்னால் நான் விழித்த மாதிரி என் மேசைக்கு வந்த யாரும் விழித்ததில்லை.

டாக்டர் வேறு விதமாகக் கேட்டார். "தலையில எப்பவாவது அடிபட்டதா? சின்னதா இருந்தாலும் சொல்லுங்க."

பட்டாணி பாக்கெட் ஞாபகம் வந்தது. சொன்னேன். ஐஸ்பெட்டி மூடி, மழைக்காலம், ஏழெட்டு வாரம் இருக்கும், வீக்கம் வடிந்துவிட்டது. சொல்லும்போதே அன்றைக்கு நாங்கள் சிரித்த சத்தம் காதில் கேட்டது. டாக்டர் மற்றதை விட்டுவிட்டு உடனே ஸ்கேனுக்கு அனுப்பினார். மண்டைக்குள் கொஞ்சம் கொஞ்சமாக ரத்தம் கசிந்து தேங்கி மூளையை அழுத்திக்கொண்டிருந்தது. மத்தியானம் அண்ணன் வந்து கையெழுத்துப் போட்டதும் ஆபரேஷனுக்கு உள்ளே கொண்டுபோனார்கள். "இன்னும் ஒரு வாரம் விட்டிருந்தா..." என்று டாக்டர் ஆரம்பித்து, என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். அவர் நிறுத்தியதற்கு என்ன காரணம் என்று எனக்குத் தெரியும். என்னைப் பார்க்க அவருக்குப் பாவமாக இருந்திருக்கும்.

ஆன்ட்டி பிழைத்தார். மூன்று வாரத்தில் வீட்டுக்கு வந்தார், மொட்டைத் தலையில் ஸ்கார்ஃப் கட்டிக்கொண்டு. பேச்சு திரும்பிவிட்டது. இடது கை மட்டும் கொஞ்சம் மெதுவாகத்தான் சொன்னதைக் கேட்டது. தனியாக இருக்கக்கூடாது என்று அண்ணன் அவரை ஓசூருக்கே அழைத்துப்போவதாக முடிவாயிற்று. ஆன்ட்டியின் அண்ணி வந்திருந்து சாமான்களைப் பெட்டிகளில் கட்டினார். அந்த நாட்களில் நான் வேலைக்குப் போகுமுன்னும் வந்த பின்னும் எட்டிப் பார்ப்பேன். மாத்திரை சாப்பிட்டீர்களா, தூங்கினீர்களா என்று கேட்பேன். அந்தச் சனிக்கிழமையைப் பற்றிக் கேட்கவேண்டியதை மட்டும் கேட்கவில்லை.

கிளம்புவதற்கு முந்தின நாள் சாயங்காலம் நான் அதே கடையில் ஒரு பாக்கெட் வாங்கினேன். எனக்கென்று ஒரு சின்ன ஏர் ஃப்ரையர் வாங்கியிருந்தேன். வெந்நீரில் முக்கி, எண்ணெய் தடவி, கோஸ் இலை விரித்து, அவர் செய்கிறபடியே செய்தேன். சாஸும் அரைத்தேன். ஒன்றைப் பிய்த்து நடுவில் விரல் வைத்தேன். சுட்டது. பிய்த்ததை என் தட்டில் போட்டுவிட்டு, முழுசாக ஐந்தை இன்னொரு தட்டில் வைத்து எதிர்வீட்டுக்குக் கொண்டுபோனேன்.

பெட்டிகளுக்கு நடுவில் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். தட்டைப் பார்த்ததும் சிரித்தார். "என்ன, தப்பாயிடுச்சா?"

அந்த வார்த்தையைக் கேட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. தட்டைக் கீழே வைத்துவிட்டு, அவர் காலடியில் பாயில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். டாக்டர் கேட்டது, எனக்குச் சொல்லத் தெரியாதது, கறி நடுவில் ஐஸாக இருந்தும் நான் கை தட்டியது. "நிஜமான்னு சொன்னீங்க ஆன்ட்டி. ரெண்டு தடவ சொன்னீங்க. நான் சிரிச்சேன்."

"அந்த மோமோ எல்லாத்தையும் சாப்பிட்டியா நீ?"

"சாப்பிட்டேன்."

"ஜாமோட?"

"ஜாமோட."

அவர் வலது கையால் ஸ்கார்ஃபைப் பிடித்துக்கொண்டு, தையல் இழுக்கிறது இழுக்கிறது என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. சிரிப்பு ஓய்ந்ததும் அந்தக் கையை என் கழுத்தில் வைத்தார். பல வாரமாக ஐஸ்பெட்டி பக்கம் போகாத விரல். வெதுவெதுப்பாக இருந்தது.

"அன்னிக்கு நான் பயந்துகினுதாம்மா உன் கதவத் தட்டினேன். தலைக்குள்ள என்னமோ ஆவுதுன்னு எனக்கே தெரிஞ்சிச்சு. நீ மட்டும் ஐயோ பாவம், இன்னா ஆச்சுன்னு கேட்டிருந்தா அங்கியே ஒடஞ்சி போயிருப்பேன். நீ சிரிச்ச பாரு, அதான் எனக்கு வேண்டி இருந்திச்சு. சரி, ஒண்ணும் இல்லன்னு போய்ப் படுத்தேன். ரொம்ப நாளைக்கு அப்புறம் அன்னிக்குத்தான் நல்லாத் தூங்கினேன்."

நான் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தேன். 'பத்து வெச்சிட்டேன், எனக்கு அஞ்சுக்கு மேல ஆகாது' என்று முதல் நாள் என் வாசலில் நின்று சொன்னபோது இருந்த அதே முகம். அதே சாதுவான கண். நல்ல பாக்கெட்டாகப் பார்த்து வாங்கி, வாசற்படி தாண்டும்போது நகத்தால் கிழிக்கிற மனுஷி அவர். அன்று இரவு அவர் நிஜமாகவே தூங்கினாரா, இல்லை விட்டத்தைப் பார்த்துக்கொண்டு தனியாகப் படுத்துக் கிடந்தாரா? பிய்த்துப் பார்த்தால் தெரிந்திருக்கும். நடுவில் என்ன இருந்தது என்று ஒரே ஒரு கேள்வியில் கேட்டிருக்கலாம். மறுநாள் காலை பத்து மணிக்கு வண்டி வந்துவிடும்.

நான் கேட்கவில்லை. அவர் நீட்டியதை அன்றைக்கும் வாங்கிக்கொண்டேன்.